எந்த ஊர்ப் பூமியதிர்ச்சி?

காலி வீதி வழியாக வெள்ளவத்தையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் ஒருவர், இரத்மலானையை அடைவதற்கிடையில் எத்தனை தொடர்மாடிக் கட்டிடங்களைக் கடக்கிறோம் என்று எண்ணத் தொடங்கினால், தெகிவளையைத் தாண்டுமுன்னரே கணக்குத் தவறிவிடும். ஒரு தலைமுறைக்கு முன்னர் ஓட்டு வீடும் முற்றத்தில் இரண்டொரு தென்னையும் நின்ற காணிகளில் இன்று எட்டு மாடிகளும் பத்து மாடிகளும் எழுந்து நிற்கின்றன. வடக்கே கொட்டாஞ்சேனையிலும் இதே கதைதான். ஊரிலுள்ள காணியை விற்றும், கடல் கடந்து வாழும் பிள்ளைகளின் உழைப்பைச் சேர்த்தும், மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுப்பதற்கென்றும் வாங்கப்படுகின்ற வீடுகள் இவை. ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பு முழுவதும் நாலாம் மாடியிலோ ஏழாம் மாடியிலோ அந்தரத்தில் நிற்கின்றது என்று கூறினும் பொருந்தும்.

அத்தகைய கட்டிடமொன்றின் விளம்பரத்தாள் அண்மையில் எமது கைக்குக் கிட்டிற்று. நீச்சற்குளம், உடற்பயிற்சிக் கூடம் ஆகியவற்றின் பின்னர், 'பூமியதிர்ச்சியைத் தாங்கவல்லது' என்றும் ஒரு வரி அச்சிடப்பட்டிருந்தது. விற்பனை செய்பவரிடம், "எந்தப் பூமியதிர்ச்சியை?" என்று கேட்டோம். "பூமியதிர்ச்சி என்றால் பூமியதிர்ச்சிதானே ஐயா!" என்று சிரித்தார் அவர்.

நாம் கேட்டது குறும்புக்காக அன்று. எந்தப் பூமியதிர்ச்சி என்பது தெரியாமல், ஒரு கட்டிடம் அதனைத் தாங்குமா தாங்காதா என்று உரைக்க எந்தப் பொறியியலாளராலும் இயலாது. ஏன் என்பதை விளங்கிக்கொள்வதற்கு, கட்டிடங்கள் எவ்வாறு சோதிக்கப்படுகின்றன என்பதைச் சற்றே அறிதல் வேண்டும்.

ஒவ்வொரு பத்து மாடிக் கட்டிடத்தையும் உண்மையாகவே குலுக்கிப் பார்ப்பது நடக்கிற காரியமன்று. ஆதலால் அதன் தூண்களையும் உத்தரங்களையும் சுவர்களையும் எண்களாக மாற்றிக் கணினிக்குள் ஒரு கட்டிடத்தை நிறுத்துவர். பின்னர் அதன் அடிநிலத்தைக் கணினிக்குள்ளேயே அசைப்பர். எப்படி அசைப்பது? இங்கேதான் 'பதிவு' தேவைப்படுகின்றது. உலகின் எங்கோ ஓரிடத்தில் உண்மையாக நிகழ்ந்த பூமியதிர்ச்சியின்போது, நிலம் கிழக்கு மேற்காகவும், வடக்குத் தெற்காகவும், மேலும் கீழுமாகவும் எவ்வாறு ஆடிற்று என்பதை ஒரு கருவி பதிந்து வைத்திருக்கும். இக்காலத்துக் கருவிகள் வினாடிக்கு நூறு தடவை, இருநூறு தடவை என்று நிலத்தின் ஆர்முடுகலை அளக்கின்றன. அந்த எண்வரிசையை எடுத்துக் கணினிக் கட்டிடத்தின் காலடியில் ஓடவிட்டால், எந்தத் தூண் வெடிக்கின்றது, எந்த மாடி சரிகின்றது என்பது தெரியவரும்.

இப்பதிவுகளுள் மிகப் பிரசித்தமானது 1940ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் திகதி, கலிபோர்ணியாவிலுள்ள எல் சென்றோ என்னும் சிற்றூரிற் பதியப்பட்டதாகும். நிலத்தின் ஆர்முடுகல் அங்கே புவியீர்ப்பு ஆர்முடுகலின் மூன்றிலொரு பங்களவுக்கு உயர்ந்தது. அக்காலத்தில் இதைப்போன்ற இன்னொரு நல்ல பதிவு இல்லாமையால், உலகெங்குமுள்ள பொறியியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாக இதே எல் சென்றோவைக் கொண்டே தம் கட்டிடங்களைக் குலுக்கிப் பார்த்து வந்தனர். இப்பழக்கம் இன்றும் முற்றாக ஒழிந்துவிடவில்லை. கலிபோர்ணியாவின் பாலைநிலத்துச் சிற்றூரொன்று எண்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஆடிய ஆட்டத்திற்கு, வெள்ளவத்தைக் கடற்கரைக் கட்டிடம் ஈடுகொடுத்ததென்றால், அதனால் வெள்ளவத்தைக்கு விளையும் ஆறுதல் எவ்வளவு?

அப்படியாயின் கொழும்பில் எடுத்த பதிவையே பயன்படுத்தலாமே என்று வாசகர் கேட்பர். கொழும்பு மண்ணில், பலத்த பூமியதிர்ச்சியொன்று கருவியில் விழுந்த பதிவு கிடையாது. இது எமது நற்பேறு. பொறியியலாளருக்கோ இதுவே இடர்ப்பாடு. கருவிகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னர், போர்த்துக்கேயர் ஆட்சியில், 1615ஆம் ஆண்டு ஏப்பிரில் 14ஆம் திகதி கொழும்பை ஒரு பூமியதிர்ச்சி தாக்கியதென்றும், ஏறத்தாழ இருநூறு வீடுகள் இடிந்தனவென்றும், இரண்டாயிரம் பேர்வரை மாண்டனரென்றும் நூல்கள் கூறுகின்றன. நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் எழுதப்பட்ட இத்தொகைகளை அப்படியே நம்புவதா என்பது வேறு விடயம். ஆயினும், சித்திரைப் புத்தாண்டையொட்டிய ஒரு நாளில் கோட்டைப் பகுதியிலும் அதனை அடுத்த குடியிருப்புகளிலும் பேரழிவு நேர்ந்தது என்பதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

பல்லேகலையிலும் மகாகனதராவையிலும் அக்மனையிலும் இன்று நுண்ணிய நடுக்கப் பதிகருவிகள் உள்ளன. சுமாத்திராவிலோ யப்பானிலோ நிலம் அதிர்ந்தால் அவை அறிந்துகொள்ளும். தொலைவிலிருந்து வரும் நடுக்கங்களை அறிய அவை உதவுகின்றன. ஆனால் கொழும்பின் மணலும் சேறும் பலத்த அதிர்ச்சியில் எவ்வாறு ஆடும் என்பதை, கண்டிச் சீமைப் பாறைமீது வைத்த கருவி சொல்லமாட்டாது.

இலங்கை நிலைபெற்ற பாறைத்தட்டின் நடுவே கிடக்கின்றது, நமக்கு என்ன பயம் என்று கூறுவோர் உண்டு. பொதுவில் அது உண்மையே. எனினும், 1993ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30ஆம் திகதி விடியற்காலையில் மகாராட்டிரத்து இலாத்தூர்ப் பகுதி குலுங்கியபோது ஏறத்தாழப் பதினாயிரம் பேர் உறக்கத்திலிருந்தவாறே கல்வீடுகளுக்குள் மடிந்தனர். அந்நாள்வரை இந்தியாவின் அதிர்ச்சி வரைபடத்தில் அப்பகுதி மிகக் குறைந்த ஆபத்துள்ள வலயமாகவே குறிக்கப்பட்டிருந்தது. அவுஸ்திரேலியாவின் நியூகாசில் நகரமும் இவ்வாறே அமைதியானதெனக் கருதப்பட்டது. 1989ஆம் ஆண்டு டிசெம்பர் 28ஆம் திகதி, 5.6 என்னும் நடுத்தர அளவுடைய அதிர்ச்சியொன்று அங்கே பதின்மூன்று உயிர்களைக் கொண்டது. இவ்விரு இடங்களிலும் அழிவு நேர்ந்த களத்தில் பலத்த அசைவைப் பதியத்தக்க கருவி இருக்கவில்லை. அமைதியான ஊர்களின் தலைவிதியே இதுதான்: ஆபத்து வரும், போகும், சுவடு மட்டும் எஞ்சாது.

ஆகவே இரவல் வாங்கத்தான் வேண்டும். கலிபோர்ணியாவின் பேர்க்லி நகரிலுள்ள ஆய்வு நிலையம் உலகத்துப் பதிவுகளைத் திரட்டி யாவரும் பெறத்தக்கதாக வைத்துள்ளது. 1995ஆம் ஆண்டில் கோபே நகரம் அழிந்ததன் பின்னர், யப்பானியர் தம் நாடெங்கும் ஆயிரத்திற்கு மேற்பட்ட கருவிகளை நாட்டி, ஒவ்வோர் அதிர்ச்சியின் பதிவையும் வெளியிட்டு வருகின்றனர். பஞ்சம் என்ற பேச்சே இல்லை. ஆனால் இரவற் சேலையை நம்பி இடுப்புச் சேலையை எறிந்தவள் கதையாக முடியாதிருக்க வேண்டுமாயின், எதனை வாங்குகிறோம் என்பதிற் கவனம் வேண்டும்.

முதலிற் கவனிக்கவேண்டியது ஆட்டத்தின் வேகம். ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். ஊஞ்சல் திரும்பி வரும் தருணம் பார்த்து மெல்லத் தள்ளினாலே போதும், அது உயர உயரப் போகும். தருணம் தப்பித் தள்ளினால், எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் பயனில்லை. ஒவ்வொரு கட்டிடமும் ஓர் ஊஞ்சல்தான். ஒரு மாடிக்கு வினாடியிற் பத்திலொரு பங்கு என்பது பொறியியலாளர் கையாளும் பருமட்டான கணக்கு. இதன்படி மூன்று மாடி வீடு ஒருமுறை ஆடி மீள 0.3 வினாடியும், பன்னிரண்டு மாடிக் கட்டிடம் 1.2 வினாடியும் எடுக்கும். பூமியின் அசைவு எந்த வேகத்தில் வருகின்றதோ, அதே வேகத்தில் ஆடும் கட்டிடமே பெருந்துன்பம் அடையும்.

இதற்குக் கொடிய சான்று மெக்சிக்கோ நகரம். 1985ஆம் ஆண்டு செப்ரெம்பர் 19ஆம் திகதி, மேற்குக் கடலோரத்தில் 8 அளவுடைய பூமியதிர்ச்சி நிகழ்ந்தது. நகரமோ அங்கிருந்து 350 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது. நகரின் பாறைப் பகுதியில் ஆர்முடுகல் புவியீர்ப்பின் நூற்றுக்கு நான்கு வீதத்தையும் எட்டவில்லை. ஆனால், பழைய ஏரி வற்றிய சேற்றின்மேல் எழுந்த பகுதியில் அது 17 வீதத்தை எட்டியது. அந்தச் சேறு இரண்டு வினாடிக்கு ஒருமுறை என்ற கதியில், ஒரு பாத்திரத்திலிட்ட களிபோல நெடுநேரம் ஆடிற்று. ஆறு முதற் பதினைந்து மாடிவரையான கட்டிடங்களே கூடுதலாகச் சரிந்தன. ஒரே நகரம், ஒரே காலைப்பொழுது, ஒரே பூமியதிர்ச்சி. பாறைப் பகுதிப் பதிவை எடுத்துச் சோதித்தவர் "ஆபத்தில்லை" என்பார், ஏரிப் பகுதிப் பதிவை எடுத்தவர் "மக்களை வெளியேற்றுங்கள்" என்பார். ஒரு பதிவைத் தெரிந்தெடுப்பதே ஒரு தீர்ப்பை எழுதுவதாக முடிகின்றது.

இப்பொழுது இரத்மலானைக்கு வருவோம். காலி வீதிக்கு மேற்கே, புகையிரதப் பாதையையும் கடலையும் நோக்கிச் சென்றால் கால் வைக்குமிடம் மணல். கிழக்கே, ஒரு காலத்தில் நாட்டின் ஒரே சர்வதேச விமான நிலையமாக விளங்கிய ஓடுபாதையைக் கடந்து அத்திடியப் பக்கம் போனால் சதுப்பு. அழுகிய தாவரங்கள் நூற்றாண்டுகளாகப் படிந்து இறுகிய கரிய சேறு. நடுவிடையே கபுக் மண்ணும், அதற்கு அடியில் எங்கோ தொல்பாறையும். பறவைகளுக்குச் சொர்க்கமாகிய அத்திடியச் சதுப்புக் கட்டிடங்களுக்குச் சொர்க்கமன்று. இரண்டு பக்கத்திலும் ஒரே வரைபடத்தின்படி எட்டு மாடிக் கட்டிடம் இரண்டை எழுப்பினாலும், இரண்டையும் ஒரே பதிவினாற் சோதிக்கக் கூடாது. மணலிற் பதிந்தது மணலுக்கு, சேற்றிற் பதிந்தது சேற்றுக்கு. அல்லது பாறைப் பதிவை எடுத்து, அந்தக் காணியின் மண்ணடுக்கு வழியாக அது மேலெழும்போது எவ்வாறு மாறும் என்று கணக்கிட வேண்டும். இதற்கு முதலில் அந்தக் காணியில் துளையிட்டு மண்ணைப் பார்த்திருக்க வேண்டும். அயற்காணியின் மண் அறிக்கையை இரவல் வாங்கும் வழக்கமும் எங்கள் நகரில் உண்டென்று கேள்விப்படுகிறோம். அதைப்பற்றி இங்கே எழுதினால் கட்டுரை வேறு திசையிற் போய்விடும்.

அடுத்தது, எத்தகைய அதிர்ச்சி கொழும்புக்கு வரக்கூடும் என்ற கேள்வி. இரண்டு விதமான விருந்தாளிகளை எதிர்பார்க்க வேண்டியிருக்கின்றது. முதலாவது, அருகில் நிகழும் நடுத்தர அதிர்ச்சி. மன்னார் வளைகுடாப் பக்கத்தில் 1993ஆம் ஆண்டு டிசெம்பரில் தோன்றிய நடுக்கம் கொழும்பிலும் உணரப்பட்டது. பழம்பாறையிற் பிறக்கும் இத்தகைய அதிர்ச்சி குறுகிய நேரமே நீடிக்கும். ஆனால் படபடவென்று விரைவாக உதறும். ஓரிரு மாடி வீடுகளுக்கும், கோயிற் கட்டிடங்களுக்கும், பழைய பாடசாலைச் சுவர்களுக்கும் இதுவே பகை. இதற்குப் பொருத்தமான பதிவுகள் கலிபோர்ணியாவில் அரிது; கனடாவின் சாகனே பகுதியில் 1988ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் திகதி பதிந்தவை போன்றவற்றைத் தேடவேண்டும். தீபகற்ப இந்தியாவிலேயே 1967ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆம் திகதி கொய்னா அணைக்கட்டிற் பதிந்த பதிவொன்று உண்டு. ஆர்முடுகல் புவியீர்ப்பின் 60 வீதத்தையும் மிஞ்சியது. பலத்த அசைவோ சில வினாடிகளுள் அடங்கிவிட்டது. இடத்தால் எமக்கு உறவு. ஆயினும் கருவி அணைக்கட்டின் உள்ளேயே இருந்ததால், நிலத்தின் அசைவோடு அணையின் அசைவும் அதிற் கலந்திருக்கும் என்று அறிஞர் எச்சரிப்பர். உறவு என்பதற்காக எல்லாவற்றையும் நம்பிவிடலாகாது.

இரண்டாவது விருந்தாளி வெகுதூரத்திலிருந்து வருபவர். 2012ஆம் ஆண்டு ஏப்பிரில் 11ஆம் திகதி, கொழும்பிலிருந்து 1,500 கிலோமீற்றருக்கு அப்பால், சுமாத்திராவுக்கு மேற்கே கடலின் கீழ் 8.6 அளவில் நிலம் நழுவியபோது, இங்கே உயர்ந்த கட்டிடங்களில் இருந்தோர் தலைசுற்றல் என்று முதலில் எண்ணிப் பின்னர் படிகளில் இறங்கி வீதிக்கு ஓடியதைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். தெருவில் நின்றவருக்கு அதிகமொன்றும் தெரியவில்லை. விரைவான அலைகள் வழியிலேயே தேய்ந்துபோக, மெதுவான நீண்ட அலைகள் மட்டுமே இத்தனை தூரம் வந்து சேரும். அவை சிறிய வீடுகளை விட்டுவிட்டு உயரமான கட்டிடங்களையே தேடிப் பிடிக்கும். ஆகவே கொழும்பின் பதினைந்து மாடிக் கட்டிடமொன்றைச் சோதிப்பவர், அருகிலிருந்து வந்தவை ஒரு கட்டு, தூரத்திலிருந்து வந்தவை ஒரு கட்டு என்று இருவகைப் பதிவுகளையும் தெரிதல் வேண்டும். ஒரு கட்டை மறந்துவிட்டால், எதிரியின் பாதிப் படையோடு போரிட்டு வென்றதாகவே முடியும்.

பொருத்தமான பதிவு கிடைத்தாலும் அதன் பலம் எமக்கு வேண்டிய அளவில் இராது. கூட்டவோ குறைக்கவோ நேரும். ஐம்பது ஆண்டுக் காலத்தில் நேர்வதற்கு நூற்றுக்குப் பத்து வீத வாய்ப்புள்ள அதிர்ச்சியையே பொதுவில் அளவுகோலாகக் கொள்வர். சராசரியாக 475 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று இதனைச் சொல்வதுண்டு. அந்த அளவுகோலுக்கேற்பப் பதிவைப் பெருக்குவதிலும் ஓர் எல்லை வேண்டும். சிறுவன் பாடியதை ஒலிபெருக்கியில் விட்டால் சத்தம் பெருகுமேயன்றி அது பாகவதர் கச்சேரி ஆகிவிடாது. சிறிய அதிர்ச்சியின் பதிவை ஐந்து மடங்கு பத்து மடங்கு என்று பெருக்கினாலும், பெரிய அதிர்ச்சியின் நீடித்த ஆட்டம் அதில் வராது. கட்டிடங்களோ பெரும்பாலும் முதல் உதறலில் விழுவதில்லை. வெடித்த தூண் மீண்டும் மீண்டும் வளைக்கப்படும்போதே விழுகின்றன.

எத்தனை பதிவுகள் வேண்டும்? 2004ஆம் ஆண்டின் ஐரோப்பிய நியமம் குறைந்தது மூன்று என்றது. மூன்றை மட்டும் எடுத்தால் அவற்றுள் மிக மோசமான விளைவையும், ஏழு எடுத்தால் அவற்றின் சராசரியையும் கொள்ளலாம் என விதித்தது. அமெரிக்கர் 2016ஆம் ஆண்டின் நியமத்தில் பதினொன்று வேண்டும் என்றனர். எண்ணிக்கை கூடக்கூட நேர்மையும் கூடும் என்பதே இதன் உட்கருத்து. ஏனெனில் இங்கே ஒரு சோதனை உண்டு. ஆயிரக்கணக்கான பதிவுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, முதலில் எடுத்தவற்றிற் கட்டிடம் தேறாவிட்டால், அவற்றை மெல்ல ஒதுக்கிவிட்டுச் சாதுவான வேறு ஏழைத் தேடிப்போடுவது பெரிய வித்தையன்று. மாணவனே தன் பரீட்சைக்கு வினாத்தாள் தயாரிப்பதை இது ஒக்கும். அதனாலேதான் பதிவுகளைத் தெரிந்தவர் ஏன் தெரிந்தார் என்பதையும் எழுதிவைக்க வேண்டும் என்றும், அதனைக் கட்டிடத்தோடு தொடர்பில்லாத இன்னொருவர் பார்வையிட வேண்டும் என்றும் துறையறிந்தோர் வற்புறுத்துகின்றனர்.

இவை ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுவோருக்கு அகமதாபாத்தைக் காட்டலாம். 2001ஆம் ஆண்டு சனவரி 26ஆம் திகதி, இந்தியாவின் குடியரசு தினத்தன்று காலை, கச்சுப் பகுதியில் நிகழ்ந்த பூமியதிர்ச்சியின் மையம் அந்நகரிலிருந்து இருநூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது. அங்குள்ள கடவுச்சீட்டு அலுவலகக் கட்டிடத்தின் நிலக்கீழ்த் தளத்திலிருந்த கருவி, புவியீர்ப்பின் நூற்றுக்குப் பதினொரு வீதமளவு ஆர்முடுகலையே பதிந்தது. பேரிடி என்று சொல்லத்தக்க எண் அன்று அது. ஆயினும் தொடர்மாடிகள் பல மடிந்து விழுந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றின் கீழ்த்தளத்திற் சுவர் கிடையாது. வாகனங்களை நிறுத்துவதற்காகத் திறந்துவிடப்பட்ட வெறுந் தூண்களே இருந்தன. மேலே செங்கற் சுவர்களால் இறுகிய பெட்டி, கீழே மெல்லிய கால்கள்.

வெள்ளவத்தையின் குறுக்குத் தெருக்களில் நடப்பவர் இந்த வடிவத்தை எத்தனை தடவை காண்கிறார்! சிங்களத்தில் 'வெல்ல' என்பது கடற்கரை மணலைக் குறிக்கும் சொல். ஊரின் பெயரிலேயே மண் அறிக்கை பாதி அடங்கியிருக்கின்றது. தூண்களுக்கிடையே கார்கள், அதன்மேல் ஏழெட்டுக் குடும்பங்கள். இவை யாவும் ஆபத்தானவை என்று நாம் கூறவரவில்லை. கொழும்பின் உயர்ந்த கட்டிடங்கள் காற்றின் தள்ளுதலைத் தாங்கும்படி கணக்கிடப்படுகின்றன. அதனால் பக்கவாட்டில் ஓரளவு பலம் ஏற்கெனவே உண்டு. ஆனால் காற்றுக்கு நிமிர்ந்து நிற்பது போதும். பூமியதிர்ச்சிக்கோ வளைந்து கொடுத்தும் முறியாதிருத்தல் வேண்டும். தூணையும் உத்தரத்தையும் பிணைக்கும் இடத்திற் கம்பி வளையங்களை நெருக்கமாகக் கட்டுவதிலேயே அந்தக் குணம் தங்கியிருக்கின்றது. மேலும், 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் வெள்ளவத்தையிற் கட்டிடமொன்று பூமியதிர்ச்சி எதுவுமின்றியே இடிந்து உயிர்ச்சேதம் விளைந்ததையும் நினைவிற் கொள்ளவேண்டும். கட்டுவது ஒழுங்காக இல்லாதவிடத்து எந்த ஊர்ப் பதிவைக் கொண்டு சோதித்தும் பயனில்லை.

2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்னர், இலங்கைக் கட்டமைப்புப் பொறியியலாளர் சங்கம், இயற்கை அனர்த்தத்துக்கு உள்ளாகக்கூடிய கட்டிடங்களுக்கான வழிகாட்டி நூலொன்றை 2005இல் வெளியிட்டது. இரத்மலானையைத் தாண்டியதும் கட்டுபெத்தையில் நிற்கும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலும், பேராதனையிலும், கட்டிடங்களின் பூமியதிர்ச்சித் தாக்கத்தை ஆராய்வோர் உளர். ஆகவே கேட்டறிவதற்கு ஆளில்லை என்று சொல்வதற்கில்லை.

வீடு வாங்கப் போகின்றவர் இத்தனையும் கற்றுத் தேறவேண்டியதில்லை. உறுதியைப் பார்ப்பதற்குச் சட்டத்தரணியிடம் போகின்றவர், கட்டமைப்பு அறிக்கையைப் பார்ப்பதற்கு ஒரு பொறியியலாளரிடமும் போகலாம். செலவு, சமையலறைக்குப் போடும் பளிங்குக் கல்லைவிடக் குறைவாகவே இருக்கும். காணியில் எத்தனை துளைகள் இட்டார்கள், எவ்வளவு ஆழத்தில் பாறை கிடைத்தது, கீழ்த்தளத் தூண்களைத் தனியாகக் கணக்கிட்டார்களா, அதிர்ச்சிப் பதிவுகளைக் கொண்டு சோதித்திருந்தால் அவை எவ்வூர்ப் பதிவுகள், எத்தகைய மண்ணிற் பதிந்தவை, எத்தனை மடங்கு பெருக்கினார்கள் என்பன அறிக்கையில் ஒரு பக்கத்தில் இருக்கவேண்டிய விடயங்கள். பூமியதிர்ச்சிக்காகச் சோதிக்கவேயில்லை, காற்றுக்கு மட்டுமே கணக்கிட்டோம் என்று ஒருவர் ஒளியாமற் கூறினால், அதுவும் பயனுள்ள விடைதான். அவரிடம் மேலே பேசலாம். அந்தப் பக்கத்தைக் காட்ட மறுப்பவரிடம் முற்பணம் கொடுப்பதைச் சற்றுத் தாமதிப்பது நன்று.